புகை வராத நெருப்பு

நாலு வருடத்துக்கு முந்தைய மார்கழியில், கொடைக்கானலில் எங்கள் வீட்டுக் குளியலறையில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு அட்டுவம்பட்டிப் பக்கம், ரோட்டிலிருந்து கீழே இறங்குகிற சரிவில் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பழனி அடிவாரம். அப்பாவுக்கு அங்கே பூஜைச் சாமான் கடை. வெயிலிலேயே வளர்ந்தவளைக் கொண்டுவந்து மலை உச்சியில் விட்டால் என்ன ஆகும்? கல்யாணமான புதிதில் குளித்து முடிப்பதற்குள் எனக்கு அழுகையே வந்துவிடும். ஊர் ஊராக ஜனங்கள் செலவு செய்துகொண்டு வந்து ஆசையாக அனுபவிக்கிற குளிரில், நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்படியை விட்டு நகராமல் கிடப்பேன்.

என் கணவர் ஒரு லாட்ஜில் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன். ஒரே ஒரு வியாதிதான் அவருக்கு. எதையும் எதோடாவது ஒப்பிட்டுப் பார்த்து, எது லாபம் என்று கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது. கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு முன்பே இவர் ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்த்துவிடுவார். இன்னும் கொஞ்சம் ஓடினால் அடுத்த ரேட்டுக்குப் போய்விடும் என்று தெரிந்தால், ரீடிங் எடுக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் மிக்ஸி வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒரு ரூமில் லைட்டை அணைக்காமல் அடுத்த ரூமுக்குப் போனால் பின்னாலேயே வந்து அணைப்பார். "பேசாம அந்த மீட்டருக்கே தாலி கட்டியிருக்கலாம்ல" என்று கிண்டல் பண்ணுவேன். அதற்கும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

கேஸ் விஷயத்திலும் அப்படித்தான். முதலில் நாங்கள் சிலிண்டர் வாங்கிய ஏஜென்சியின் வண்டி மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து இறக்கிக் கொண்டுவர ஆட்டோவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னொரு ஏஜென்சிக்காரர்கள் சரிவு வரைக்கும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், விசாரித்து, அலைந்து, இணைப்பையே அங்கே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து ஒரு தடவை கேஸிலும் ஒரு தடவை கரண்ட் அடுப்பிலும் கொதிக்க வைத்து, எது சீக்கிரம் கொதிக்கிறது, எதில் செலவு கம்மி என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் ஆயிற்று. கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். சம்பளத்துக்குள் குடும்பம் நடத்தி, கட்டின வீட்டுக்குக் கடனும் அடைக்கிறவர் வேறு எப்படி இருப்பார்?

நான் உண்டானபோது பிரசவத்துக்குப் பழனிக்குப் போவதாகத்தான் பேச்சு. அந்த நேரம் பார்த்து என் அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவரையே ஒருவர் பார்க்க வேண்டிய நிலைமை. அப்போதுதான் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், கிளாவரையிலிருந்து போன் போட்டார். "நான் எதுக்கு இருக்கேன்? நான் பாக்க மாட்டனா?" என்றார். அதுவரை அவரோடு நான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. அதிகம் பேசாத ஆள். கேரளா எல்லையை ஒட்டின அந்த ஊரில் கேரட்டும் பூண்டும் போட்டு, புருஷன் போன பிறகு ஒத்தையாளாகத் தோட்டம் பார்த்து மகனை வளர்த்தவர். கீழ்நாட்டிலிருந்து வந்த, குளிரில் நடுங்குகிற, மண்வெட்டி பிடிக்கத் தெரியாத மருமகளை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

மகள் பிறந்தாள். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே அத்தை வந்து காத்திருந்தார். ஒரு சாக்கு மலைப்பூண்டு, ஒரு பை நிறையப் பிள்ளைக்கு விரிக்கத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல்சேலைகள். தோட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்று மகன் கேட்டதற்கு, "அது கெடக்குதுலே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே, என்னைப் பெற்றவளும் அப்படிப் பார்த்திருப்பாளா தெரியாது. பூண்டைப் பாலில் வேகவைத்து, நான் முகத்தைச் சுளித்தாலும் விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்க வைப்பார். காதில் பஞ்சு, தலையில் துண்டு, காலில் சாக்ஸ். பிள்ளை அழுதால் எனக்கு முன்னால் எழுந்துவிடுவார். தினமும் வெள்ளனே எழுந்து எனக்கு வெந்நீர் ஊற்றுவதுதான் அவருக்குப் பெரிய சோலி. பிள்ளை பெற்றவளைப் பலகையில் உட்கார வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து, கை பொறுக்கிற சூட்டில் அண்டா அண்டாவாக வெந்நீரை இடுப்பில் வீசி வீசி ஊற்றுவார்கள். உடம்பில் உள்ள வலியெல்லாம் அந்தச் சூட்டில் கரைந்து ஓடும். குளிரே பிடிக்காத எனக்கு அந்த ஒரு மணி நேரம் சொர்க்கம். தண்ணீரை ஊற்றிக்கொண்டே அத்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். என் கணவர் சின்ன வயதில் பூண்டு மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு தூங்கிப்போன கதையெல்லாம் அங்கேதான் கேட்டேன். அந்தக் குளியலறையில்தான் நாங்கள் மாமியார் மருமகள் ஆனோம்.

அவ்வளவு வெந்நீர் என்றால் சும்மாவா? கரண்ட் ஹீட்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய்விட்டால் அடுப்பில் வைத்து, சூடு ஆறுவதற்குள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். விறகு அடுப்பு போடலாம் என்றார் அத்தை. மழையும் மூடுபனியுமாகக் கிடக்கிற நாளில் வெளியே விறகு எங்கே எரியும்? என் கணவர் வேலை பார்க்கிற லாட்ஜில் அப்போதுதான் கரண்ட் ஹீட்டரையெல்லாம் எடுத்துவிட்டு கேஸில் ஓடுகிற கீசர் மாட்டியிருந்தார்கள். செலவு பாதியாகக் குறைந்துவிட்டதாக அங்கே பேச்சு. குழாயைத் திறந்ததும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. இவர் நாலு இடத்தில் விசாரித்து, ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றை வாங்கி வந்தார். அம்மா அண்டாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பதும் அவர் மனதில் இருந்தது. அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

மாட்ட வந்தவர், அதை வெளிச்சுவரில் வைப்பதுதான் நல்லது என்றார். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி அப்படியே பள்ளம். நிற்கக்கூட இடம் கிடையாது. அதனால் உள்ளேயே மாட்டினார். மாட்டிவிட்டு, மேலே இருக்கிற சின்ன ஜன்னலில் கண்ணாடிகளை எல்லாம் கழற்றிக் கையில் கொடுத்து, இது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், அடைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அதை அத்தையிடமும் என்னிடமும் திருப்பிச் சொன்னார். ஒரு தடவை இல்லை, பல தடவை.

மார்கழியில் இங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு, ஓட்டு இடுக்கு என்று எங்கே ஒரு விரல் நுழைகிற சந்து இருந்தாலும் துணியைச் சுருட்டி அடைத்துவிடுவோம். இல்லாவிட்டால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். மலைக்காரர்களுக்கு அது தெரு வாசலைப் பெருக்குகிற மாதிரி அனிச்சையான வேலை. அதிலும் பிள்ளை பெற்ற பச்சை உடம்பின் மேல் காற்றுப் படவே கூடாது என்பார்கள். பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று பயம். அந்தத் திறந்த ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் அத்தை முணுமுணுப்பார். தண்ணீர் ஊற்றும்போது ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அத்தைக்கு விவரம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கரிச்சட்டியை ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். கிளாவரைப் பக்கம் அப்படிப் போனவர்களை அவருக்குத் தெரியும். புகை இருந்தால் கதவைத் திற என்பது அவர் ரத்தத்தில் ஊறின பாடம். ஆனால் இந்தப் பெட்டிக்குள் எரிந்ததோ சின்ன நீல நெருப்பு. புகை இல்லை, கரி இல்லை, வாசனைகூட இல்லை.

அன்றைக்குக் காலையில் தூறலும் காற்றுமாக இருந்தது. என் கணவருக்கு விடுமுறை நாள். ஹாலில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பலகையில் உட்கார்ந்தபோது ஜன்னல் வழியாக மூடுபனி நேராக உள்ளே வந்து என் தோளில் விழுந்தது. எனக்கு உடம்பு ஒரு தடவை உதறியது. அத்தை பார்த்துவிட்டார். வெளியே போனார். பிள்ளைக்கு விரிக்க வைத்திருந்த சேலைகளில் ஒன்றோடு வந்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, அதைச் சுருட்டி ஜன்னலில் திணித்தார். அடைக்கக் கூடாதென்று சொன்னார்களே அத்தை என்றேன்.

"பொகையே வரலையே தாயி, அப்பறம் எதுக்குச் சன்னலத் தெறந்து வைக்கணும்?" என்றார். "வெரசா ஊத்திட்டு எடுத்துருவம். பச்ச ஒடம்பு."

அவ்வளவுதான். அந்தக் கதகதப்பு எனக்கும் நன்றாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் அடைத்திருந்தது, வெந்நீர் ஆவி ரூம் முழுக்க நிறைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை கனத்தது. வெறும் வயிறு, அதனால்தான் என்று நினைத்தேன். அத்தை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தார். "கண்ணக் கட்டுது" என்ற மாதிரி கேட்டது. வயதானவர், இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறாரே என்று நினைத்தேனே தவிர, எழுந்து போகத் தோன்றவில்லை. எழுந்திருக்கக் காலும் வரவில்லை. ஒரு பயமும் இல்லை, வலியும் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு நடுங்குகிறது. சாவு இவ்வளவு சாதுவாக வரும் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்?

அப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். பிள்ளை பசித்து அழுதிருக்கிறாள். என் கணவர் குரல் கொடுத்திருக்கிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கதவை உதைத்துத் திறந்து எங்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். அவர் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு ஜீப்பை யாரோ மறித்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத அந்த டிரைவர் ஒரு கேள்வி கேட்காமல் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அந்த மகராசன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் கண் விழித்தது மதுரையில். மூக்கில் ஆக்சிஜன். முதலில் பிள்ளையைக் கேட்டேன், அடுத்து அத்தையைக் கேட்டேன். ஊருக்குப் போயிருக்கிறார், தோட்டத்தில் வேலை என்றார்கள். பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு அத்தை தோட்டத்துக்குப் போவாரா? எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்கப் பயந்துகொண்டு அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். வீட்டுக்கு வரும்போதுதான் அப்பா சொன்னார். கொடைக்கானல் ஆஸ்பத்திரியிலேயே அத்தையின் உயிர் போய்விட்டது. கிளாவரையில் வைத்து எல்லாம் முடித்துவிட்டார்கள். என் இடுப்பில் வெந்நீர் ஊற்றின அந்தக் கைகளை நான் கடைசியாக ஒரு தடவை தொடக்கூட முடியவில்லை.

போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தாரும் பார்த்தார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: ஜன்னல் திறந்துதான் கிடந்தது. அப்படியானால் கீசர்தான் கோளாறு. மலிவாகக் கிடைக்கிறதென்று எதையோ வாங்கி மாட்டியிருக்கிறான். ஊர் அந்த முடிவுக்கு வந்துவிட்டது.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அத்தை வாளியில் ஏறி நின்றது, சேலையைத் திணித்தது, அந்தப் பேச்சு, எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் ஜன்னல் திறந்திருந்ததை இத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நெருப்பு எரிவதில் உண்டாகிற, வாசனையே இல்லாத அந்த விஷவாயு மூளையைத் தாக்கினால் நடந்ததும் நடக்காததும் கலந்துபோகும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். மயக்கத்தில் கண்ட கனவாக இருக்கும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். கனவை நம்பி, செத்துப்போனவர் மேல் பழி போடலாமா?

கருமாதிக்குக் கிளாவரை போயிருந்தோம். பந்தலில் உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவரின் தாய்மாமா, அத்தையின் உடன்பிறந்த தம்பி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே கேட்டார். "கரண்டு பில்லுக்குக் கணக்குப் பாத்து, பெத்தவளக் கொன்னுட்டியேலே."

இவர் எதிர்த்து ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். மாட்டியவர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னதையாவது சொல்லலாம். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மாமா, என் தப்புத்தான்" என்றார்.

அன்றிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். கீசரைக் கழற்றி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டார். மீட்டர் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பில் வந்தால் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் கட்டினார். ரூமுக்கு ரூம் லைட் எரிந்துகொண்டிருக்கும். நான்தான் போய் அணைப்பேன். அணைக்கும்போதெல்லாம் அழுகை வரும். இவர் பின்னாலேயே வந்து திட்ட மாட்டாரா என்று இருக்கும். மகளைத் தூக்கிக் கொஞ்சுவதில்லை. அவள் தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால், பிடியை விலக்கிவிட்டு வெளியே போய்ப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஊருக்குப் போனால் ஒருவரும் இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லாட்ஜில்கூட முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, "நீ பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் பழனிக்குப் போயிரேன். உங்க அப்பாகூட இரு. வீட்டுக் கடனெல்லாம் இன்சூரன்ஸ்ல கழிஞ்சிரும்" என்றார். ஒரு ஆள் செத்தால் கழிகிற கடன் அது. எப்போதும் எது லாபம் என்று பார்த்தே பழகின மனுஷன், தன் உயிரை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இருக்காது. போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருக்கும்.

அத்தையின் முதல் தெவசத்துக்குக் கிளாவரை போனோம். சாமி கும்பிட்டு, எல்லாரும் சாப்பிடப் போன பிறகு இவர் மட்டும் தோட்டத்துப் பக்கம் நடந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கனவோ நிஜமோ, இதற்கு மேல் வைத்திருந்தால் நான் புருஷனையும் இழந்துவிடுவேன் என்று தோன்றிவிட்டது. அன்றைக்கு நடந்ததாக எனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் சொன்னேன். அத்தை சேலையைக் கொண்டுவந்து ஜன்னலை அடைத்தது, நான் கேட்டது, அவர் சொன்ன பதில், எல்லாம். "உங்க மேல தப்பே இல்லைங்க" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்" என்றார். "உள்ள வந்ததும் அத மொதல்ல உருவிப் போட்டவனே நான்தான?"

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். உள்ளே காற்று வரட்டும் என்றுதான் முதலில் அதை இழுத்திருக்கிறார். அந்த நிமிஷம் வேறு எதுவும் யோசிக்கவில்லை. எல்லாரும் வந்து, ஜன்னல் திறந்துதானே இருக்கிறது என்று பேச ஆரம்பித்தபோதுதான் யோசித்தாராம். ஜன்னல் அடைத்திருந்தது என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். சொல்ல முடியவில்லை. அந்தச் சேலையைப் பிறகு அத்தையோடு சேர்த்தே வைத்து அனுப்பிவிட்டார்.

"உண்மையச் சொன்னா என்ன பேசுவாங்க? சொன்னதக் கேக்காம கெழவி அடைச்சு, தானும் செத்து, மருமகளையும் சாகக் குடுக்கப் பாத்தாள்னுதான பேசுவாங்க. எங்கம்மா உன்னையக் காப்பாத்தத்தான் அத அடைச்சுச்சு. அதுக்கு அந்தப் பேரு வேணுமா?" என்றார். "என்னைய என்ன வேணாச் சொல்லிட்டுப் போறாங்க. அதுவுமில்லாம, உனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு நெனச்சேன். தெரிஞ்சா, எனக்காகத்தான செத்தாங்கன்னு நீ காலம் பூரா அழுவ."

இத்தனை நாளும் நான் அவரிடம் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு புழுங்கினேன். அவரோ எனக்கும் சேர்த்து மறைத்துக்கொண்டு தேய்ந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. நான் வாய்விட்டு அழுதேன். அம்மா போன நாளிலிருந்து என் கண்ணுக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் அப்போது அழுதார். நாங்கள் அழுவதைப் பார்த்து மகளும் அழ ஆரம்பித்தாள். அவர் கையை நீட்டி அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் பழனிக்குப் போக மாட்டேன், நீங்களும் எங்கேயும் போகக் கூடாது என்று அந்த வரப்பில் வைத்தே அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது, தாய்மாமாவிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன். முடியவே முடியாது என்றுவிட்டார். போன பொங்கலுக்குக்கூட அந்த மாமா இவரைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இவர் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டபோது முதலில் வேண்டாம் என்றார். கேஸ் கீசர் வைத்திருக்கிற எத்தனையோ வீடுகளில் குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைப்பார்களே, ஒரு வீட்டிலாவது திறந்து வைப்பார்கள், இல்லை வெளிச்சுவரில் மாற்றி வைப்பார்கள் என்றேன். அந்தப் பேச்சுக்குத்தான் இறங்கினார். யார் பேரும் வரக் கூடாது என்றார். அதனால்தான் இதில் ஒருவர் பேரும் இல்லை.

இப்போது அவர் கொஞ்சம் தேறியிருக்கிறார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரி வரை போகிறார். ராத்திரி தூங்குகிறார். ஆனால் நாலு காசு மிச்சம் பிடிக்கப் பெற்றவளையே பலி கொடுத்தவன் என்று ஊர் இன்னும் அவரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தாய்க்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று அந்தப் பேரை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்ட மனுஷனோடு நான் குடும்பம் நடத்துகிறேன், அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல்.